வயிற்றுக்குத் தீங்கில்லாத மாத்திரையும் ஆறு மாதக் கணக்கும்

மூட்டு வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மருந்துக் கடையில் ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சிறிது நேரத்தில் வலி அடங்குகிறது. ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்கு வயிறு எரியத் தொடங்குகிறது. "வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டாயா?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கலாம்.

வலியைப் போக்கும் மருந்துக்கும் வயிற்றுக்கும் அப்படி என்ன பகை? அந்தப் பகை இல்லாத ஒரு மாத்திரையைச் செய்ய முடியாதா? முதல் கேள்விக்கு விஞ்ஞானம் தெளிவான விடை கண்டிருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு, "செய்துவிட்டோம்" என்று அறிவித்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் படித்தார்கள், நம்பினார்கள். அந்தக் கட்டுரை எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். அதற்கு முன், வயிற்றின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பகைக்குக் காரணம்

நம் இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நாம் உண்ணும் இறைச்சியைக் கரைக்க உதவும் அந்த அமிலம், இறைச்சியைப் போன்ற தசையாலான இரைப்பையையே ஏன் கரைத்துவிடுவதில்லை? இரைப்பையின் உட்சுவர்மீது கோழை போன்ற ஒரு படலம் பூசப்பட்டிருக்கிறது. அந்தப் படலத்தினுள் பைகார்பனேட் என்னும் காரப்பொருள் ஊறி, உள்ளே வரும் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கிறது. அடியிலுள்ள செல்களுக்கு இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பழுதான செல்கள் விரைவில் புதுப்பிக்கப்படுகின்றன. இந்தப் பாதுகாப்பு வேலைகளையெல்லாம் முடுக்கிவிடுபவை புராஸ்டகிளாண்டின்கள் என்னும் பொருள்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள்தாம் அடிபட்ட இடத்திலும், வாதம் கண்ட மூட்டிலும் மிகுதியாகச் சுரந்து வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் முதலிய மருந்துகள் புராஸ்டகிளாண்டின்களைத் தயாரிக்கும் நொதியின் வேலையை நிறுத்துகின்றன. இதை 1971இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன். இத்துறையில் செய்த ஆராய்ச்சிக்காக அவரும் சுவீடனைச் சேர்ந்த பெரிஸ்ட்ராம், சாமுவேல்சன் ஆகியோரும் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. மூட்டிலே வலி குறையும்போதே இரைப்பையிலே காவலும் குறைந்துவிடுகிறது. பகைக்குக் காரணம் இதுவே.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களிலும் இந்த நொதி இருக்கிறது. ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அது புதிய நொதியைச் செய்துகொள்ள இயலாது. தன் வாழ்நாளான எட்டுப் பத்து நாளும் முடங்கியே கிடக்கும். ஆகவே, புண்ணும் எளிதில் உண்டாகிறது. புண்ணிலிருந்து ஒழுகும் இரத்தமும் எளிதில் நிற்பதில்லை.

இங்கே பொதுவாக நிலவும் இரண்டு தவறான எண்ணங்களைக் குறிப்பிட வேண்டும். "மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொண்டால் தொல்லையில்லை" என்று பலர் நம்புகிறார்கள். மாத்திரை நேரடியாகப் படுவதாலும் இரைப்பைச் சுவர் ஓரளவு பாதிக்கப்படுவது உண்மையே. 1938இல் லண்டனைச் சேர்ந்த டவுத்வெயிட், லின்டாட் என்னும் மருத்துவர்கள், இரைப்பைக்குள் பார்க்கும் கருவியின் துணையால், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரைப்பைச் சுவர் சிவந்து புண்பட்டிருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் பெருந்தீங்கு இரத்தத்தின் வழியாக வருவது. ஊசியாக ஏற்றினாலும் அது தவறாது. இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய மாத்திரைக்கும் இதே கதைதான். "வயிறு வலித்தால் நிறுத்திவிடலாம்" என்பது இரண்டாவது எண்ணம். வயிற்றில் முன்னறிவிப்பு எதுவுமின்றி, திடீரென்று இரத்தக் கசிவோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் பலர். வலியைக் கொல்லும் மருந்தையே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வயிற்று வலி வந்து நம்மை எச்சரிக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஒன்றல்ல, இரண்டு

1991இல் ஒரு புதுச் செய்தி கிடைத்தது. புராஸ்டகிளாண்டின்களைச் செய்யும் நொதி ஒன்றல்ல, இரண்டு என்று தெரியவந்தது. சுருக்கமாக அவற்றைக் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று அழைக்கிறார்கள். காக்ஸ்-1 இரைப்பையிலும் தட்டணுக்களிலும் எப்பொழுதும் வேலை செய்துகொண்டிருப்பது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி கண்ட இடத்தில் தோன்றுவது. அப்படியானால், காக்ஸ்-1ஐத் தொடாமல் காக்ஸ்-2ஐ மட்டும் தடுக்கும் மருந்தைச் செய்தால் வலியும் போகும், வயிறும் பிழைக்கும் அல்லவா?

கருத்து அழகானது, அதில் உண்மையும் இருந்தது. இப்படிப் பிறந்த மருந்துகளில் ஒன்று செலிகாக்சிப். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1998 டிசம்பர் இறுதியில் அதற்கு அனுமதி அளித்தது. ஆனால் பழைய மருந்துகளின் உறைகளில் இருந்த "இரைப்பையில் புண், இரத்தக் கசிவு ஏற்படலாம்" என்ற எச்சரிக்கை இதற்கும் விதிக்கப்பட்டது. அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் ஒரு பெரிய சோதனை நடத்தியாக வேண்டும். அப்படி நடத்தப்பட்டதுதான் "கிளாஸ்" என்று பெயர் பெற்ற சோதனை.

கட்டுரை சொன்னது

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 386 இடங்களில், சுமார் 8,000 மூட்டுவாத நோயாளிகள் சோதனையில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்குச் செலிகாக்சிப், நாளொன்றுக்கு 800 மில்லிகிராம். மற்றப் பாதிப் பேருக்கு இபுபுரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூட்டுவாதத்துக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகமான அளவில் புதிய மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். இதை ஒரு நேர்மையான ஏற்பாடு என்றே பாராட்ட வேண்டும்.

எண்ண வேண்டியவை எவை என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகி இருந்தது: இரைப்பை அல்லது முன்சிறுகுடல் புண்ணிலிருந்து இரத்தம் கசிதல், சுவரில் துளை விழுதல், வழி அடைபடுதல் என்னும் ஆபத்தான சிக்கல்கள். ஆறு மாதத்தில் செலிகாக்சிப் பிரிவில் 11 பேருக்கும், பழைய மருந்துப் பிரிவில் 20 பேருக்கும் இவை ஏற்பட்டன என்றது கட்டுரை. மருந்துகளிடையே உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு தோன்றுவதற்கு நூற்றுக்கு 9 வாய்ப்பு உண்டு என்று கணக்குக் காட்டிற்று. நூற்றுக்கு 5க்கும் குறைவாக இருந்தால்தான் ஏற்பது ஆராய்ச்சியாளர்களின் வழக்கம். ஆகவே இது தேறவில்லை. பிறகு, சிக்கலில்லாமல் தொல்லை மட்டும் கொடுத்த புண்களையும் கூட்டிச் சேர்த்தார்கள்: 32க்கு 49. இப்போது தேறிவிட்டது! புதிய மருந்தால் புண்ணும் சிக்கலும் குறைவு என்ற முடிவோடு கட்டுரை நிறைவுற்றது.

கூர்ந்து படிப்பவருக்கு அப்போதே சில ஐயங்கள் எழுந்திருக்க வேண்டும். சோதனையில் ஐவரில் ஒருவர் இதயத்துக்காகச் சிறிய அளவில் ஆஸ்பிரினும் சாப்பிட்டு வந்தார். அவர்களிடையே, புதிய மருந்துக்கும் பழைய மருந்துக்கும் எந்த வேறுபாடும் காணப்படவில்லை. இதைக் கட்டுரையே ஒப்புக்கொண்டது. மூட்டுவாதம் முதுமையில் மிகுவது. இதய நோயும் முதுமையில் மிகுவது. இரண்டும் உள்ள முதியவர்தாமே இந்த மருந்துக்கு முதலில் வரக்கூடியவர்?

மற்றொன்று தேதி. சோதனை நடந்தது 1998 செப்டம்பர் முதல் 2000 மார்ச் வரை என்று கட்டுரையிலேயே அச்சாகியிருக்கிறது. அது ஒன்றரை ஆண்டுக் காலம். முடிவு சொல்லப்பட்டதோ ஆறு மாதத்துக்கு. நோயாளிகளைச் சேர்க்கவே பல மாதங்கள் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், முதலில் சேர்ந்தவர்களுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி எழாதா?

காணாமற்போன மாதங்கள்

விடை 2001 பிப்ரவரியில் வெளிவந்தது. எச்சரிக்கையை நீக்கலாமா என்று ஆலோசிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிஞர் குழு கூடியபோது, முழு விவரங்களும் மேசைக்கு வந்தன. உண்மையில் நடந்தவை இரண்டு சோதனைகள். இபுபுரோஃபெனோடு ஒப்பிட்டது 16 மாதம் வரையிலும், டைக்ளோஃபினாக்கோடு ஒப்பிட்டது 12 மாதம் வரையிலும் நடந்தன. கட்டுரையில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, முதல் ஆறு மாதம் மட்டும் காட்டப்பட்டிருந்தது.

முழுக் காலத்தையும் கணக்கிட்டால் நிலைமை என்ன? செலிகாக்சிப் பிரிவில் சிக்கல் கண்டவர்கள் 17 பேர். பழைய மருந்துப் பிரிவில் 21 பேர். ஆறு மாதத்துக்குப் பின் ஏற்பட்ட ஏழு சிக்கல்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் புதிய மருந்து சாப்பிட்டவர்களுக்கே ஏற்பட்டன! பதினொன்றுக்கு இருபது என்று பளிச்சிட்ட வேறுபாடு, பெரும்பாலும் கரைந்துபோயிற்று. நிர்வாகம் எச்சரிக்கையை நீக்கவில்லை.

கட்டுரையோடு அதே இதழில் பாராட்டுரை எழுதியவர்களில் ஒருவர் பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் வுல்ஃப். அவரே அந்த அறிஞர் குழுவிலும் இருந்தார். ஓராண்டு விவரங்களை அவர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். தமக்குக் காட்டப்படாததைப் பற்றி அவர் தம் கோபத்தை மறைக்கவில்லை. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் யூனி, ருட்ஜஸ், டீப் என்னும் மூவர் இதைத் தலையங்கமாக எழுதி உலகறியச் செய்தார்கள். கட்டுரையின் 16 ஆசிரியர்களும் மருந்து நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லது அதனிடம் ஊதியம் பெற்ற ஆலோசகர்கள். கட்டுரையின் அச்சுப் பிரதிகள் சுமார் 30,000 விநியோகத்துக்காக வாங்கப்பட்டன. செலிகாக்சிப்பின் விற்பனை 2000இல் சுமார் 260 கோடி டாலர். 2001இல் 310 கோடி டாலருக்கும் மேல்.

எதிர்வாதம்

ஆசிரியர்கள் தரப்பையும் கேட்பதுதான் நியாயம். ஆறு மாதத்துக்குள்ளேயே பலர் சோதனையிலிருந்து விலகிவிட்டார்கள். ஆறு மாதம் முழுதும் மருந்து சாப்பிட்டவர்கள் 57 சதவீதமே. வயிற்றுத் தொல்லை கண்டவர்கள், முக்கியமாக டைக்ளோஃபினாக் சாப்பிட்டவர்கள், முதலிலேயே விலகியதால் எஞ்சியவர்கள் வலுவான வயிறு உடையவர்கள். ஆகவே பிற்பகுதிக் கணக்கு பழைய மருந்துக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும் என்றார்கள்.

இந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால், அப்படி நினைத்தவர்கள் முழு விவரத்தையும் அச்சிட்டு, "பிற்பகுதியை நாங்கள் நம்பவில்லை, காரணம் இது" என்று எழுதியிருக்கலாமே! படிப்பவர் அதை எடைபோட்டு ஏற்றிருப்பார் அல்லது மறுத்திருப்பார். தேர்வெழுதிய மாணவன் ஆறு தாள்களில் மூன்றின் மதிப்பெண்களை மட்டும் வீட்டில் காட்டிவிட்டு, "மற்ற மூன்றும் கடினமான தாள்கள்" என்று பின்னால் சொன்னால் எந்தத் தந்தை ஒப்புவார்? முடிவு தெரிந்த பிறகு எந்தக் காலம் வரை எண்ணுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஆராய்ச்சியாளருக்கு இல்லை. இதுவே இக்கட்டுரையின் பெருங்குறை என்பது என் கருத்து.

இதயத்தின் கணக்கு

இதே குடும்பத்து மற்றொரு மருந்து ரோஃபிகாக்சிப்; "வயாக்ஸ்" என்ற பெயரில் விற்கப்பட்டது. சுமார் 8,000 பேரிடம் நாப்ராக்செனோடு ஒப்பிட்டு நடந்த "விகர்" சோதனை 2000 நவம்பரில் வெளியாயிற்று. இரைப்பைச் சிக்கல்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. அது உண்மையான வெற்றி. ஆனால் மாரடைப்பு நாப்ராக்சென் பிரிவில் 0.1 சதவீதம், ரோஃபிகாக்சிப் பிரிவில் 0.4 சதவீதம். நாப்ராக்சென் இதயத்தைக் காப்பதால் வந்த வேறுபாடு இது என்று விளக்கம் கூறப்பட்டது.

இங்கும் காலக் கணக்கில் கோளாறு இருந்தது. வயிற்றுச் சிக்கல்களை எண்ணுவதை நிறுத்திய நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே இதயச் சிக்கல்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த இடைவெளியில் ரோஃபிகாக்சிப் பிரிவில் ஏற்பட்ட மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் இடம்பெறவில்லை. அந்த நாள் முன்பே குறிக்கப்பட்டது என்று ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். ஆயினும், கட்டுரையை வெளியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழே 2005 டிசம்பரில் தன் கவலையைப் பகிரங்கமாக அச்சிட்டது. அதற்கு முன்பே, 2004 செப்டம்பர் 30 அன்று, மற்றொரு சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவது உறுதியானதால், நிறுவனம் மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

பின்னால் தெரிந்தது

அப்படியானால் செலிகாக்சிப் வெறும் ஏமாற்றா? இல்லை. 2010இல் வெளியான "காண்டர்" சோதனை, 4,484 பேரிடம் இரைப்பையோடு நிற்காமல் குடல் முழுவதையும் கணக்கில் எடுத்தது. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலைத் துணைக்குச் சேர்த்துக் கொடுத்த டைக்ளோஃபினாக் பிரிவில் 81 பேருக்குத் தீங்கு. தனியாகச் செலிகாக்சிப் சாப்பிட்ட பிரிவில் 20 பேருக்குத்தான். டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் சிறுகுடலையும் புண்படுத்துகின்றன. அங்கே அமிலம் இல்லாததால் ஒமிப்ரசோல் உதவாது. 2016இல் 24,000 பேருக்கு மேல் பங்கேற்ற "பிரிசிஷன்" சோதனையிலும், மிதமான அளவில் கொடுத்த செலிகாக்சிப்பால் இதய ஆபத்து இபுபுரோஃபென், நாப்ராக்சென் ஆகியவற்றைவிட மிகுதியாகவில்லை; வயிற்றுக்கும் குறைவாகவே தீங்கு நேர்ந்தது.

"பார்த்தீர்களா, 2000ஆம் ஆண்டில் சொன்னது சரிதானே!" என்று சிலர் கேட்கலாம். விடைத்தாளில் விடை சரியாக இருந்தாலும் வழிமுறை தவறாக இருந்தால் ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. 2000ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்து மருந்து எழுதிய மருத்துவருக்கு, பத்தாண்டு கழித்து வரப்போகும் முடிவு தெரியாது. அவர் கையில் இருந்தது பாதிக் கணக்கு மட்டுமே. அதை முழுக் கணக்கு என்று நம்பித்தான் ஆஸ்பிரினும் சாப்பிடும் முதியவர்களுக்குக்கூட, "இதனால் வயிற்றுக்கு ஒன்றும் வராது" என்று தைரியம் சொல்லியிருப்பார்.

உங்களுக்குச் சில சொற்கள்

வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், தேவையான நாளுக்கு மட்டும் சாப்பிடுங்கள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், முன்பு வயிற்றுப் புண் கண்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு மாத்திரைகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம்; இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது புண்ணைப் பெருக்கும். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அது குடலுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஆனால் இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு இன்னொன்று. "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று படிக்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதை எண்ணினார்கள்? எத்தனை நாள் எண்ணினார்கள்? இவ்விரண்டையும் சோதனைக்கு முன்பே எழுதிவைத்தார்களா? இந்த மூன்றாம் கேள்விக்கு விடை காண இப்போது வழி பிறந்திருக்கிறது. சோதனை தொடங்குமுன் அதைப் பொதுப் பதிவேட்டில் பதிந்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2004இல் அறிவித்து, 2005 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டிலும் 2007இல் இத்தகைய பதிவேடு தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அதை யாரும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். ஓர் ஆய்வின் முடிவைச் செய்தித்தாளில் படித்தால், அதன் தொடக்கத்தைப் பதிவேட்டில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், நீங்களும் ஒரு நல்ல விமர்சகர் ஆகிவிடுவீர்கள்.